ஆஹா, என்ன தடுப்பு!

மேல்மாடி ரைவிஸ்
அயர்லாந்துக்குக் காளான் பறிக்கப் போகும்முன்
இருபத்தைந்து யூரோவுக்கும் ஒரு ஜாடி வெள்ளரி ஊறுகாய்க்கும்
பெட்டியை என்னிடம் தள்ளிவிட்டுப் போனான்.
ஒரே ஒரு கன்ட்ரோலர். அதன் இடது குமிழில்
அவன் கட்டைவிரல் தேய்த்த பள்ளம்.

எனக்கு நாற்பத்தாறு.
பதினேழு வருடமாய் ரீகாவில் ஐந்தாம் எண் டிராம்.
ஸ்டியரிங் என்ற ஒன்றை
வேலைநேரத்தில் தொட்டதே இல்லை.
தண்டவாளம் திரும்பும், நானும் திரும்புவேன்.
அவ்வளவுதான் எங்களுக்குள் பேச்சு.

பெயர் கேட்டது திரை.
விஸ்மா என்று அடித்தேன். எவளோ எடுத்துவிட்டாளாம்.
விஸ்மா5. அதுவும் போயிற்று.
டிராமின் நெற்றியில் இரவு கடைசியாய் எரிவதை அடித்தேன்:
5டிப்போவுக்கு.
ஏற்றுக்கொண்டது.

கார் கொடுத்தார்கள், நீலம்.
தொப்பி இலவசம்.
கூரைமேல் தொப்பி வைத்த கார்!
சிரித்ததில் காபி சிந்தியது.

பயிற்சிக்களம் என்றொரு கதவு இருந்தது.
அதைத் திறக்காமல் நேரே ஆட்டத்துக்குள் போனது
முதல் தப்பு.

மூன்று, இரண்டு, ஒன்று—
ஆறு கார்கள், வீடு அளவு ஒரு பந்து.
ஐந்து கார்கள் அதன்மேல் பாய்ந்தன.
ஆறாவது சுவரில் ஏறி
கூரையில் தலைகீழாய் ஊர்ந்து
தொப்பென்று விழுந்து
கவிழ்ந்த ஆமையாய்ச் சக்கரம் உதைத்தது.
ஆறாவது நான்.

நிமிர்ந்தேன். பந்தைக் கண்டேன். ஆவேசமாய் முட்டினேன்.
உள்ளே போனது.
எங்கள் வலைக்குள்.

திரையோரத்தில் உடனே ஒரு வரி:
"ஆஹா, என்ன தடுப்பு!"
மறுபடியும். "ஆஹா, என்ன தடுப்பு!"
மூன்றாம் முறையும்.
எவ்வளவு மரியாதையான பிள்ளைகள் என்று நினைத்தேன்.
நன்றி சொல்லும் பொத்தானைத் தேடிப்பிடித்து
கூட்டாளிகள் இருவருக்கும்
தனித்தனியாய் அழுத்தினேன்.

நாலு நாள் இப்படியே புகழப்பட்டேன்.

ஐந்தாம் நாள், டிப்போ சாப்பாட்டறையில்,
மெக்கானிக் ஓட்டோமார்ஸிடம் பெருமையாய்ச் சொன்னேன்.
பட்டாணி புரையேறியது அவனுக்கு.
"அது வசவு, விஸ்மா.
குப்புற விழுந்தவனைப் பார்த்து
மீசையில் மண் ஒட்டலையே என்று மெச்சுவது."

அன்றிரவு பெட்டியைத் தொடவில்லை.
மறுநாள் இரவும்.

அதற்கடுத்த இரவு பயிற்சிக்களத்தைத் திறந்தேன்.
ஆளில்லாத புல்வெளி. பந்தும் நானும்.
தரையில் கிடக்கும் மஞ்சள் வில்லைகளை மிதித்தால்
வாலில் நெருப்பு வரும்.
தாவி, தாவியபடியே இன்னொருமுறை தாவினால்
கார் குட்டிக்கரணம் போடும்.
பார்வையைப் பந்தின்மேல் பூட்ட ஒரு பொத்தான் உண்டென்று
அன்றைக்குத்தான் தெரிந்தது.
அதுவரை
கழுத்து சுளுக்கிய ஆந்தையாய் அதைத் தேடியிருக்கிறேன்.

பறக்க மட்டும் வரவில்லை.
மூக்கை உயர்த்தி நெருப்பை மூட்டினால்
பந்திருக்கும் திசை தவிர
எல்லாத் திசைக்கும் போனது கார்.
போகட்டும்.

திரும்ப ஆட்டத்துக்குள் போனபோது
பறப்பவர்கள் பறந்தார்கள்.
மற்றவர்கள் எல்லாரும் ஒரே பந்துக்கு ஓடி
தம் அணிக்காரன் மூக்கிலேயே மோதினார்கள்.
டிராம்காரிக்கு அது பொறுக்குமா?
முன்னால் போகும் வண்டிக்கு இடைவெளி விடு.
சிக்னல் விழும்வரை நில்.
பின்வாங்கி வந்து எங்கள் வலைக்கு முன்னால் நின்றேன்,
பிரேக்கில் விரல் வைத்து,
வழுக்கும் நாளில் நிறுத்தத்தில் நிற்பதுபோல.

பந்து வந்தது, மிக மெதுவாய்,
இரண்டு கையிலும் பை வைத்திருக்கும் பயணி படியேறுவதுபோல்.
நான் நகரவில்லை. ஒரே ஒரு சின்னத் தாவல்.
தொப்பியில் பட்டு வெளியே போனது.

"ஆஹா, என்ன தடுப்பு!"

யாரோ ஒரு கழுதைப்புலி_04, எந்த ஊரிலிருந்தோ.
ஒரே முறைதான் வந்தது.
வசவா, வாழ்த்தா?
குரலில்லாத எழுத்தை
எந்தப் பக்கம் திருப்பி வைத்துப் பார்ப்பது?
நன்றி அழுத்தலாமா என்று விரல் யோசிக்கையில்
பந்து மறுபடி வந்து
உள்ளே போய்விட்டது.

ஏழுக்கு ஒன்று. தோற்றோம்.

காலை ஐந்தரை. மைனஸ் பதினொன்று.
பாலத்தின் நடுவில், கீழே டௌகவா உறைந்து வெளிறிக் கிடக்க,
தண்டவாளத்தில் ஒரு காகம்.
ரொட்டித்துண்டை விட்டு நகர மறுத்தது.
பிரேக் பிடித்தேன். மணியடித்தேன். அசையவில்லை.
பயணிகள் இருவர், இருவரும் தூக்கத்தில்.
என் வலது கட்டைவிரல் தானாகப் போய்
தாவும் பொத்தானை அழுத்தியது.

அங்கே இருப்பது வைப்பர்.

காய்ந்த கண்ணாடியில் அது கீச்சிட்டு ஆட
காகம் எழும்பிப் போனது,
மூக்கை உயர்த்தி,
நேரே,
எந்தப் பயிற்சியும் இல்லாமல்.